எடை விழும் அசை

ஒரு பழைய பிரஸ்ஸைப் பிரித்துக் கொண்டுவர நாங்கள் ஐந்து பேர் இத்தாலிக்குப் போனோம். இதற்காகவா அவ்வளவு தூரம் என்று மண்ணூரில் கேட்டவர்களுக்கெல்லாம், புதுசு வாங்க முடியாதவன் பழசைத் தேடித் தூரம்தான் போகவேண்டும் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் யாராவது என்னை எங்காவது அனுப்பமாட்டார்களா என்று நாற்பது வயதிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது தொழிற்சாலைகளைவிட ஏரிகள்தான் அதிகம். பழைய இடம் போதாமல் எங்கள் கம்பெனி அங்கே ஒரு வேர்க்கடலைக் கொல்லையை வாங்கி அதன்மேல் கொட்டகை போட்டிருந்தது. உள்ளே நிற்கவேண்டிய இயந்திரம் மட்டும் மிலானுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் இருந்தது. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற நூறு டன் பிரஸ். அது நின்றிருந்த பட்டறையின் கூரை தாழ்வு, கிரேன் நுழையாது. கயிறும் கப்பியும் உருளையும் கொண்டு கனத்தை நகர்த்தத் தெரிந்த கலாசிகள் வேண்டும்.

அப்படி நால்வர். மண்ணூர் அந்தோணி மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர். அவர் குரல் கொடுக்க, கயிறு இழுக்கிறவர்கள் மூவர்: பென்னலூர் கன்னியப்பன், தண்டலம் முனுசாமி, மண்ணூர் தேவராஜ். எல்லோரும் தினக்கூலி. கொட்டகை நின்ற கொல்லையே கன்னியப்பன் வீட்டாருடையதாக இருந்தது. இப்போது அதே இடத்துக்குள் போக அவன் கேட்டில் பெயர் சொல்லி நிற்கவேண்டும். கிளம்புகிற அன்று மேனேஜர் நால்வரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "மெஷின் முழுசா வந்து இங்க நிக்கட்டும். உங்க ஆளுங்களைப் பர்மனென்ட் பண்ணிடறேன்." அந்த ஒரு சொல்லைத்தான் அவர்கள் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார்கள். மற்றதெல்லாம் இரவல் ஸ்வெட்டர்.

நான் ஸ்டோர் குமாஸ்தா. வயசுப் பையனாக இருந்தபோது இரண்டு வருஷம் குருமடத்தில் படித்தவன். அங்கே ஒரு இத்தாலியச் சாமியார் இலக்கணப் புத்தகம் வைத்து வினைச்சொற்கள் சொல்லிக்கொடுத்தார். சாமியாராகாமல் திரும்பி வந்தேன், வினைச்சொற்கள் கூடவே வந்தன. ஆரே, ஏரே, ஈரே என்று மூன்று குடும்பம். பார்லாரே பேசுவது. வெதேரே பார்ப்பது. தோர்மீரே தூங்குவது. மொழிபெயர்ப்பாளன் என்று என் பெயரை எழுதியபோது கம்பெனிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் வகுப்பு. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வெண்பாவை அலகிடுவோமே, அப்படி வெட்டினேன். இழுங்கள் என்பதற்கு அவர்கள் திராதே என்பார்கள். திரா நிரை, தே நேர்; புளிமா. இரண்டு தட்டு. தூக்குங்கள் என்பதற்கு அல்ட்சாதே. மூன்றும் நேர், தேமாங்காய். மூன்று தட்டு. கை தட்டித் தட்டிச் சொல்லவைத்தேன். எல்லாத் தட்டும் ஒரே கனம்.

"இன்னா சார் இது," என்றான் முனுசாமி. "எல்லாத்துக்கும் ஆதே, ஆதேன்னு முடியுது. இழுன்றாரா, இழுக்காதேன்றாரா?"

"அங்க போயி நீ எதையும் இழுக்காத இரு, அதுவே போதும்," என்றான் தேவராஜ்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, என் கை தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு செபமும் மந்திரமும் கலந்து வந்தார்கள். ரயிலில்தான் வினை. ஒரு சந்திப்பில் பெட்டிகள் இரண்டாகப் பிரியும் என்று எனக்குத் தெரியாது. வெதுவெதுப்பாக இருக்கிறதென்று முனுசாமியும் தேவராஜும் கடைசிப் பெட்டிக்குப் போயிருந்தார்கள். எதிரே பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அது வேறு ஊருக்குப் போகிறது, பாவம்," என்றாள். யாரோ தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள். அதற்குள் கடைசிப் பெட்டியின் சன்னலில் முனுசாமியின் குரங்குக் குல்லா சின்னதாகிக்கொண்டே போனது.

நாங்கள் இறங்கவேண்டிய ஊர் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நின்றோம். சுற்றிலும் மலை, மலையின் தலையில் பனி, எங்கள் தலையில் துண்டு. கன்னியப்பன் மட்டும் தைரியமாக இருந்தான். "முனுசாமி வாய் இருக்கறவன் சார். எங்க வுட்டாலும் வூடு வந்து சேந்துடுவான்."

வந்தான். முட்டைக்கோசு ஏற்றிய லாரியில், ஓட்டுகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாலாடைக் கட்டியோடு. பெயரும் ஊரும் எழுதிய தாள் என் பையில் இருந்தது; அவர்கள் கையில் வினைச்சொல் மட்டும்தான். "மொந்தாரே, இஸ்மொந்தாரே, ரிமொந்தாரேன்னு சொன்னேன் சார், அந்தம்மா வுழுந்து வுழுந்து சிரிச்சிது. அப்புறம் ஏறுன்னு கையைக் காட்டிச்சி."

அந்தப் பெண் என்னிடம் விளக்கினாள்: "கோர், பிரி, மறுபடி கோர் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே இடம்தான். பட்டறையில் பிரஸ் விற்றுவிட்டார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்."

முகவரி இல்லாமல் மூன்று வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்து சேர்ந்தது என் கர்வத்துக்கு நல்ல தீனி. அந்தக் கர்வம் ஐந்து நாள் இருந்தது.

*

தங்கிய வீடு அதா என்கிற அம்மாளுடையது. அறுபது வயது, கணவர் இல்லை, மூன்று அறையை வாடகைக்கு விடுகிறவள். அவளுடைய தம்பி புரூனோதான் பட்டறையின் ஃபிட்டர். பிரஸ்ஸைப் பிரித்து அனுப்புகிற பொறுப்பு அவரிடம். ஒல்லி, சாம்பல் கோட்டு, பேசும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுகிற பழக்கம்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு அதா ஒரு செப்புப் பானையைத் தூக்கிவந்து மரப்பலகைமேல் கவிழ்த்தாள். மஞ்சளாக, ஆவி பறக்க, மேடாக நின்றது. நூலைக் கட்டி இழுத்து அதைத் துண்டுபோட்டாள். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"களி," என்றார் மேஸ்திரி.

மக்காச்சோளக் களி. பொலெந்தா என்று பெயர். பக்கத்தில் முயல் குழம்பு. விரலால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிக்கொண்ட கன்னியப்பனைப் பார்த்து, அதா தன் முள்கரண்டியை வைத்துவிட்டு அதே மாதிரி குழி பண்ணிப் பார்த்தாள். "என் அப்பாவும் இப்படித்தான்," என்றாள். காப்பி மட்டும் எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. மூக்குப்பொடி டப்பா அளவுக் கிண்ணத்தில், மருந்து மாதிரி ஒரு மடக்கு. "இது காப்பி இல்ல, காப்பியோட வெலாசம்," என்றான் முனுசாமி.

இரண்டாம் நாள் பட்டறை. புரூனோ ஒரு திருகாணியை இறுக்கி, மொந்தாரே என்றார். தளர்த்திக் கழற்றி, ஸ்மொந்தாரே என்றார். திரும்ப முடுக்கி, ரிமொந்தாரே. ஏற்றுவது கரிகாரே, இறக்குவது ஸ்கரிகாரே. அவர்கள் மொழியில் ஒரு வேலையைத் தலைகீழாக்க வேண்டுமானால் சொல்லுக்கு முன்னால் ஒரு ஸ் போதும். திரும்பச் செய்ய ஒரு ரி. நம் மொழியில் ஆடு ஆட்டு ஆகும், ஏறு ஏற்று ஆகும். சொல்லின் வாலைத் தட்டினால் வேலை வேறு ஆளின் கைக்கு மாறும். அவர்கள் தலையைத் தட்டுகிறார்கள். தொப்பி மாற்றுவதுபோல. இதை நான் மேஸ்திரியிடம் சொன்னபோது, "ஸ் போடறது ஈஸிதான் தம்பி," என்றார். "ரி போடறப்பதான் நமக்கு சோறு."

அவர் சொன்னது சரி. இங்கே பிரிப்பதெல்லாம் ஒரகடத்துக் கொட்டகையில் மறுபடி கோத்து நின்றால்தான் பர்மனென்ட்.

மூன்று நாள் வேலை நன்றாக நடந்தது. சின்னச் சின்னப் பாகங்கள். மேஸ்திரி குரல் கொடுத்தார், மூவரும் இழுத்தார்கள், நான் சீட்டு எழுதிக் கட்டினேன். புரூனோ எண் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி சாக்கட்டியால் ஒரு சிலுவை போட்டார். அதன் பக்கத்தில் முனுசாமி, சாமிக்குச் சாமி துணை என்று, மூன்று கோடு இழுத்தான்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, ஃப்ளைவீல். ஆள் உயரச் சக்கரம். மூன்று கப்பி, மூன்று கயிறு, ஆளுக்கொன்று. அதை அச்சிலிருந்து ஒரே சீராகத் தூக்கவேண்டும். புரூனோ, இதற்கு நான்தான் கட்டளை சொல்வேன் என்றார். இரண்டு குரல் இருந்தால் ஒரு ஆள் போய்விடுவான், அது அவர்களுடைய பட்டறை விதி. மேஸ்திரி ஒதுங்கி நின்றார். புரூனோ வாசல் பக்கமாக, எல்லாக் கயிறும் கண்ணில் படும் இடத்துக்குப் போய் நின்று, கையை உயர்த்தினார்.

"திராதே."

கன்னியப்பன் முதல் தட்டில் இழுத்தான். தேவராஜ் இரண்டாம் தட்டில். மூன்றாவது தட்டு ஒன்று வருமென்று முனுசாமி காத்திருந்தான். சக்கரம் ஒரு பக்கம் எழும்பி, சாய்ந்து, ஊஞ்சல்போல வந்து எண்ணெய்க் குவளையின் கண்ணாடியை உடைத்துவிட்டுத் திரும்பப் போனது. புரூனோ இரண்டே எட்டில் ஓடிவந்து முனுசாமியைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சக்கரம் ஆடி ஆடி நின்றது.

கண்ணாடித் துண்டுகளைப் புரூனோ ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டவில்லை. "திங்கட்கிழமை நகரத்துக்குப் போன் செய்கிறேன்," என்றார் என்னிடம். "கூரையைப் பிரித்து கிரேன் இறக்குவார்கள். உங்கள் மேனேஜருக்குத் தந்தி கொடுத்துவிடுகிறேன். இவர்கள் நல்லவர்கள். ஆனால் இவர்கள் சாவதை நான் பார்க்க முடியாது."

அதை மொழிபெயர்க்கவேண்டிய ஆள் நான். தந்தியை அவர் தெலெகிராம்மா என்றது அவர்களுக்கே புரிந்துவிட்டது.

*

அன்றைக்கு மத்தியானம் அதாவின் மேசையில் களி ஆறிப்போனது. தேவராஜ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். கன்னியப்பன் சன்னல் வழியாக மலையைப் பார்த்தான். "எங்க கொல்லையில போயி நான் வாட்ச்மேன்கிட்ட பேரு சொல்லணும். பரவால்ல. உள்ள போனா போதும்னு இருந்தேன்."

"தப்பு என்னுடையது," என்றேன். ஒரு சொல்லுக்கு இரண்டு தட்டு, இன்னொன்றுக்கு மூன்று தட்டு, எல்லாம் ஒரே கனம் என்று கற்பித்தவன் நான்தான். இத்தாலிக்காரனின் சொல்லைத் தமிழ்க் கத்தியால் வெட்டியிருந்தேன்.

எந்தச் சொல் குழப்பியது என்று அதா கேட்டாள். திராதே என்று சொல்லிக்காட்டினேன், கொட்டகையில் சொன்ன மாதிரி. "நீ ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிறாய்," என்றாள். பிறகு என் பின்னால் வந்து, முதுகில் உள்ளங்கையை வைத்து, சாப்பிடுங்கள் என்று எங்களைக் கூப்பிடுகிற சொல்லைச் சொன்னாள்: மஞ்ஜாதே. மஞ் என்றபோது கை சும்மா இருந்தது. ஜா என்றபோது முதுகில் ஒரு தட்டு. தே என்றபோது கை எடுத்தாயிற்று. அடுத்தது திராதே. தி, வெறும் மூச்சு. ரா, தட்டு. தே, காற்று.

புளிமா போயிற்று. அசை மூன்று, கனம் ஒன்றில்.

முப்பது வருஷம் நான் காகிதத்தில் வைத்திருந்த மொழி அப்போதுதான் முதுகெலும்பில் இறங்கியது. காத்திருங்கள் என்பதை அஸ்-பெத்-தா-தே என்று வெட்டி வைத்திருந்தேன்; அவள் அ என்று தனியாக விட்டு, ஸ்பெத் என்று அடுத்த மூச்சில் அள்ளினாள். எழுத்து எங்கே ஒட்டுகிறது, எடை எங்கே விழுகிறது, இரண்டும் கையால் காட்டினாள். புத்தகத்தில் இவை இருந்திருக்கும். புத்தகத்துக்குக் கை இல்லை.

மறுநாள் ஞாயிறு. கோயில் மலைமேல் இருந்தது. அரை மணி ஏற்றம். ஏறிக்கொண்டே ஒப்பித்தோம், எடை விழும் இடத்தில் காலை அழுத்தி வைத்து. நான் இழுக்கிறேன், தீரோ. நீ இழுக்கிறாய், தீரி. அவன் இழுக்கிறான், தீரா. மூன்றிலும் எடை முதலில். நாம் இழுக்கிறோம் என்னும்போது அது நகர்ந்து பின்னால் போகிறது: திரியாமோ. நீங்கள் இழுக்கிறீர்கள், திராதே, பின்னால்தான். அவர்கள் இழுக்கிறார்கள் என்றால் மறுபடி முதலுக்கே: தீரனோ.

"தனியா இழுத்தா முன்னாடி கனம். சேந்து இழுத்தா பின்னாடி வந்துடுது," என்றான் கன்னியப்பன், மூச்சு வாங்க. "அது சரி, அவங்க இழுத்தா இன்னாத்துக்கு முன்னாடி போவுது?"

"அவங்க நம்மாளு இல்லயே," என்றான் தேவராஜ்.

இதைவிட நல்ல விளக்கம் எந்த இலக்கணத்திலும் நான் படித்ததில்லை. மலைப்பாதையில் இறங்கிவந்த கிழவர் ஒருவர் நின்று, ஐந்து கறுப்பு மனிதர்கள் காலைத் தரையில் அடித்து இழு இழு என்று சொல்லிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து, தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கவேண்டும்.

பூசை முடிந்து கோயில் மதிலில் உட்கார்ந்தோம். முனுசாமியும் உள்ளே வந்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தான். மூவரும் ஒரே சமயத்தில் ரா என்று அழுத்துவதைக் கேட்டு எனக்கு மனசு லேசாகிவிட்டது. திங்கட்கிழமை காலை புரூனோ போனை எடுப்பதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்றேன்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். "வார்த்தை வந்துடும் தம்பி. ஆனா பசங்க இழுக்க மாட்டானுங்க."

"ஏன்?"

"கொரல் குடுத்தப்ப அந்த வெள்ளைக்காரரு கை எங்க இருந்திச்சி?"

அவர் தன் உள்ளங்கையை மதிலின் கல்மேல் வைத்துக் காட்டினார். "கொரல் குடுக்கறவன் கை சுமை மேல இருக்கணும். கயிறு அறுந்தா மொதல்ல எவன் மேல வுழும்? கொரல் குடுக்கறவன் மேல. அது தெரிஞ்சாதான் இவனுங்க நம்பி இழுப்பானுங்க. நான் ஒரு நாளாவது கை வெக்காம கொரல் குடுத்துக்கீறனா? கேளு."

கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஸ்டோரிலிருந்து அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையையும் பார்த்திருக்கிறேன். களைப்புக்குச் சாய்ந்துகொள்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

கன்னியப்பன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "வேணும்னு இல்ல சார். அவரு வாசல்ல நின்னுகினு கத்தறாரு. கையைத் தேடிச்சி கண்ணு. அதுக்குள்ள வார்த்தை போயிடிச்சி."

*

திங்கட்கிழமை காலை புரூனோ போனுக்குப் பக்கத்தில் நின்றார். போன் செய்யவில்லை. மத்தியானம் வரை பொறு என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் தட்டுகளை, மலையை, மதிலை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

"கையை அதன்மேல் வைத்தால் நான் என் கையைத்தான் பார்ப்பேன்," என்றார். "மூன்று கயிற்றையும் பார்க்கிற ஒருவன் வேண்டும். தூரத்தில் நிற்பது பயத்தால் அல்ல என்று அவரிடம் சொல்."

சொன்னேன். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்போது நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளனுக்கு வாய் வறண்டுவிடும்.

"அப்ப கொரல் அவருது," என்றார் மேஸ்திரி. "கை என்னுது."

முப்பது வருஷக் குரலை அவ்வளவு சுலபமாகக் கழற்றி வைத்தார், செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி. போய்ச் சக்கரத்தின் விளிம்பில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். புரூனோ வாசலுக்குப் போனார். மூவரின் கண்ணும் அந்தக் கையில்.

"திராதே."

ரா என்ற இடத்தில் மூன்று கயிறும் ஒன்றாக இறுகின. சக்கரம் அச்சை விட்டு எழுந்தது, ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல. "பியானோ, பியானோ," என்றார் புரூனோ, மெல்ல மெல்ல என்று. அதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது.

அப்புறம் ஒன்பது நாளில் பிரஸ் முழுவதும் பெட்டிகளானது. கிளம்பும்போது அதா ஆளுக்கொரு பொட்டலம் சோளமாவு கொடுத்தாள். முனுசாமி தன் குரங்குக் குல்லாவை அவளிடம் கொடுத்துவிட்டு, மதராஸ் வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு வந்தான்.

*

பெட்டிகள் கடலில் வந்தன. மூன்று மாதம் கழித்து, கோப்பதற்கு, புரூனோ வந்தார். இப்போது அந்நியன் அவர். தண்டலம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கத் தெரியாமல், கூட்டம் தானாகக் கீழே தள்ளிவிட்டபோது, "இங்கே யாரும் கட்டளை சொல்லாமலே எல்லோரும் ஒன்றாகத் தள்ளுகிறார்களே," என்றார். பென்னலூரில் கன்னியப்பன் வீட்டில் ஏரி மீன் குழம்பு சாப்பிட்டு அழுதார், காரம். கன்னியப்பனின் மனைவி என்னிடம், "அந்தண்ணன் நல்லாகீதுன்றாரா, தண்ணி கேக்கறாரா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

இங்கேயும் அதே ஏற்பாடு. குரல் புரூனோ, கை மேஸ்திரி, கயிறு மூவர். அடிப்பாகம் உட்கார்ந்தது, தூண்கள் நின்றன. மேனேஜர் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். மூன்றாம் நாள் காலை, தலைப்பாகத்தைத் தூண்கள்மேல் ஏற்றவேண்டிய நேரத்தில், என்னைக் கூப்பிட்டுப் பர்மனென்ட் ஆர்டர் எழுதச் சொன்னார். மூன்று பெயர்.

"சார், நாலு பேர்," என்றேன்.

"மூணு பேர் இழுக்கறாங்க. வெள்ளைக்காரர் சொல்றார். மேஸ்திரி என்னப்பா பண்றார்? கையை வெச்சுக்கிட்டு நிக்கறார்." அவர் கெட்டவர் அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். "வயசும் ஆச்சு. வேணும்னா வாட்ச்மேன் வேலைக்கு அப்புறம் பாக்கலாம்."

புரூனோவிடம் சொன்னேன். அவர் நேராக மேனேஜரைப் பார்த்து, "அந்தக் கை இல்லாவிட்டால் என் குரல் வெறும் இரைச்சல்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். மேனேஜர் சிரித்தார். "பெரிய மனுஷர், மரியாதைக்குச் சொல்றார். சரி, பாத்துடுவோமே. மேஸ்திரி, நீங்க கொஞ்சம் வாசப்பக்கம் நில்லுங்க."

மேஸ்திரி போய் வாசலில் நின்றார். தோள் துண்டை எடுத்து மடித்து, மறுபடி தோளில் போட்டார்.

புரூனோ என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று கையை உயர்த்தினார். "திராதே." எடை சரியாக ராவில் விழுந்தது, அதாவே சொல்லியிருந்தாலும் அதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது. மூவரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிறு அசையவில்லை.

"திராதே."

தகரக் கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது.

"என்னப்பா, புரியலையா?" என்றார் மேனேஜர்.

"புரியுது சார்," என்றான் கன்னியப்பன். "வார்த்தை காதுல வுழுது. கைக்கு வரமாட்டேங்குது."

"பர்மனென்ட் வேணுமா வேணாமா?"

"வேணும் சார்."

"அப்ப இழு."

கன்னியப்பன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். இழுக்கவில்லை. அவன் காலுக்குக் கீழே சிமென்ட். அதற்குக் கீழே அவனுடைய கடலைக் கொல்லை. தேவராஜின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முனுசாமிக்கு மூன்று பெண்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

வாசலிலிருந்து மேஸ்திரி கத்தினார்: "டேய், இழுங்கடா. நான் இங்கதானே கீறேன். பொழப்பைக் கெடுத்துக்காதீங்க."

தேவராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை வெக்காதவன் கொரல் குடுக்கக்கூடாது மேஸ்திரி. நீ சொன்னதுதான்."

அவருடைய சட்டத்தாலேயே அவரை அடக்கிவிட்டான்.

மேனேஜர் தலைப்பாகத்தைப் பார்த்தார். கட்டைகள்மேல், மூன்று கயிறு மாட்டி, எழுந்திருக்கத் தயாராக அது கிடந்தது. புரூனோவைப் பார்த்தார், அவர் உயர்த்திய கையை எப்போதோ இறக்கிவிட்டுக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் பிடித்திருந்த தாளைப் பார்த்தார்.

"நாலாவது பேர் என்ன?" என்று கேட்டார்.

பன்னிரண்டு வருஷமாக மேனேஜருக்கு அவர் வெறும் மேஸ்திரி. நான் வாயைத் திறப்பதற்குள் கயிற்றை விடாமல் கன்னியப்பன் சொன்னான்: "அந்தோணி சார். அப்பா பேரு சவரிமுத்து. ஊரு மண்ணூரு."

முழங்காலில் அட்டையை வைத்து எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர். வேலை என்ற கட்டத்தில் கலாசி என்று எழுதி, மேனேஜரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடும்வரை அந்தோணி வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.